அலாஸ்கா கப்பல்: கட்டணத்துக்கு முன் மணிக்கணக்கைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு பயணப் பக்கத்தில் வந்த அலாஸ்கா கப்பல் பயணக் கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் 'காலையில் பனியாறு, மதியம் ஜூனோவில் கரைச் சுற்றுலா' என்று கட்டுரை ஒரே வரியில் தாண்டிப்போன அந்த நாளைப் பற்றித்தான் விரிவாக எழுதியிருக்க வேண்டும். ஏழு நாள் பயணத்தில் திட்டம் பிசகினால் அதிகம் இழப்பது அந்த ஒரு நாளில்தான். அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள், கோடையில் வந்து தங்கும் அப்பா அம்மாவை இந்தக் கப்பலில் அழைத்துப்போவது இப்போது சாதாரணமாகிவிட்டது. அவர்களுக்குப் பயன்படட்டும் என்றுதான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

முதலில் எந்தப் பனியாறு (மலையிலிருந்து மெல்ல நகர்ந்து இறங்கும் பெரும் பனிப்பாளம்) என்று கேட்க வேண்டும். விளம்பரத்தில் எல்லாமே 'பனியாற்றுக் காட்சி' என்றுதான் இருக்கும். கிளேசியர் பே தேசியப் பூங்கா என்றால் அது முழு நாள். பூங்காவுக்குள் ஒரு நாளைக்கு இரண்டு பெரிய சுற்றுலாக் கப்பல்களுக்கு மட்டுமே அனுமதி. காலையில் பூங்கா அதிகாரிகள் படகில் வந்து கப்பலில் ஏறி, நாள் முழுக்க ஒலிபெருக்கியில் விளக்கம் சொல்வார்கள். 1794இல் பிரிட்டிஷ் கடற்படை ஆய்வாளர் ஜார்ஜ் வான்கூவரின் குழு இந்தப் பக்கம் வந்தபோது விரிகுடா ஏறக்குறைய முழுவதும் பனியால் அடைபட்டிருந்தது. இன்று அந்தப் பனி சுமார் 105 கிலோமீட்டர் பின்வாங்கிவிட்டது. அந்த வரலாற்றை, அது நடந்த நீரின் மேலேயே நின்று கேட்பது வேறு எங்கும் கிடைக்காத அனுபவம். மார்ஜரி பனியாற்றின் முன்னால் கப்பல் ஏறத்தாழ ஒரு மணி நேரம் நிற்கும். கரையில் இறக்கிவிட மாட்டார்கள். அதே பூங்காவில் இருக்கும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் நீர்வழி, சீல்கள் குட்டி போடும் பருவத்துக்காக மே முதல் ஆகஸ்ட் முடிய சுற்றுலாக் கப்பல்களுக்கு மூடப்பட்டிருக்கும். அதைப் பார்த்தே தீர வேண்டும் என்பவர்கள் செப்டம்பரில்தான் போக வேண்டும்.

ஹப்பார்ட் பனியாறு இன்னொரு வகை. 122 கிலோமீட்டர் நீளம், கடலைத் தொடும் முகப்பு மட்டும் சுமார் 10 கிலோமீட்டர் அகலம். பெரும்பாலான பனியாறுகள் சுருங்கிக்கொண்டிருக்க, இது முன்னேறிக்கொண்டிருக்கிறது. 1986இலும் 2002இலும் பக்கத்தில் இருக்கும் ரஸ்ஸல் நீர்வழியின் வாயையே அடைத்துவிட்டது. அங்கே போக அலாஸ்கா வளைகுடாவின் திறந்த கடலைத் தொட வேண்டும். அலை ஒத்துக்கொள்ளாதவர்கள் முந்தைய இரவே மாத்திரை போட்டுக்கொள்வது நல்லது.

கட்டுரை சொன்னது மூன்றாவது வகை, அரை நாள் பனியாறு. ஜூனோவுக்குத் தெற்கே 70 கிலோமீட்டருக்கு மேல் ஹோல்காம் விரிகுடா இருக்கிறது. அதிலிருந்து இரண்டு நீர்வழிகள் பிரிகின்றன. ஒன்று டிரேசி ஆர்ம், மற்றது எண்டிகாட் ஆர்ம். இரண்டுமே செங்குத்தான பாறை மலைகளுக்கு நடுவே கடல் புகுந்த குறுகலான பாதைகள், தலா ஐம்பது கிலோமீட்டர் அளவுக்கு நீளம். பல ஆண்டுகளாகக் கப்பல்கள் விரும்பிப் போனது டிரேசி ஆர்முக்குத்தான். 2025 ஆகஸ்ட் 10ஆம் தேதி அங்கே பனியாற்றின் அருகே மலைச்சரிவு ஏற்பட்டுப் பேரலை எழுந்தது. அதன் பிறகு பல கப்பல்கள் எண்டிகாட் ஆர்முக்கும் அதன் கோடியில் இருக்கும் டாஸ் பனியாற்றுக்கும் மாறிவிட்டன. பழைய பயணக் குறிப்புகளில் டிரேசி ஆர்ம் என்று இருந்தால் அதை நம்பி முன்பதிவு செய்யாதீர்கள்.

இந்த அரை நாளின் கணக்கு இப்படிப் போகும். விடிகாலை ஐந்து ஆறு மணிக்குக் கப்பல் நீர்வழிக்குள் நுழையும். மெதுவாகத்தான் போக முடியும். பனியாற்றின் பக்கம் சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அங்கே நின்று திரும்பி வெளியே வந்து, மதியம் ஒன்று இரண்டு மணி வாக்கில் ஜூனோ துறையில் கட்டுவார்கள். ஆகவே 'காலை எட்டு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு மேலே போகலாம்' என்று இருப்பவர்கள் பாதிக் காட்சியை உணவுக்கூட ஜன்னல் வழியாகத்தான் பார்ப்பார்கள். நுழைவாயில் தொடங்கி அருவிகளும் நீல நிற மிதவைப் பனிக்கட்டிகளும் வந்துகொண்டே இருக்கும். ஆறு மணிக்கே மேல்தளத்தில் இருங்கள், பிறகு முறை வைத்துச் சாப்பிடுங்கள்.

பனியாற்றின் முகப்பு வரை போவார்கள் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. நீரின் மேல் தெரியும் பனிக்கட்டி மொத்தத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான், மிச்சம் அடியில் இருக்கிறது. இந்தக் கப்பல்கள் பனி உடைக்கக் கட்டப்பட்டவை அல்ல. உந்துவிசிறியில் ஒரு பெரிய கட்டி அடித்தால் முழுப் பயணமும் நின்றுவிடும். மிதவைப் பனி அடர்ந்திருந்தாலும், பனிமூட்டம் இறங்கினாலும் கேப்டன் பல கிலோமீட்டர் முன்னாலேயே கப்பலைத் திருப்பிவிடுவார். அது சரியான முடிவும்கூட. அதற்காகக் கட்டணம் திரும்பி வராது, டிக்கெட் ஒப்பந்தத்தில் பாதையை மாற்றும் உரிமை கப்பலுக்கு இருக்கும். பனியாறுதான் பயணத்தின் நோக்கம் என்றால் அரை நாள் பனியாற்றை நம்ப வேண்டாம், கிளேசியர் பே போகும் கப்பலை எடுங்கள் என்பதே என் கருத்து. அங்கே விரிகுடா அகலம், மணி நேரம் அதிகம், ஒரு பனியாறு மறைந்தால் இன்னொன்று கிடைக்கும்.

இன்னொன்றையும் பதிவுக்கு முன்பே கேட்டுவிட வேண்டும். சில பயணங்களில் பெரிய கப்பல் விரிகுடாவின் வாயில் சற்று நின்றுவிட்டு நேரே ஜூனோவுக்குப் போய்விடும். தனியாகப் பணம் கட்டியவர்களை மட்டும் இரண்டு அடிப்பகுதிகள் கொண்ட சிறிய படகு (கேட்டமரன்) ஒன்று வந்து ஏற்றிக்கொண்டு பனியாற்றுக்குப் போகும். அறிவிப்பில் இரண்டுமே பனியாற்று நாள் என்றுதான் இருக்கும். 'கப்பலே உள்ளே போகுமா, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை?' என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சிறிய படகு என்றால் பனிக்கட்டிகளுக்கு நடுவே நெளிந்து மிக அருகில் போகும், காட்சிக்கு அதுவே சிறந்தது. ஆனால் கப்பலின் கீழ்த்தளக் கதவு வழியாக, அசையும் படகுக்கு மாற வேண்டும். முட்டிவலி உள்ளவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். அந்தப் படகு உங்களை ஜூனோவில் கொண்டுவந்து இறக்கும். தாமதமானால் அன்று மதியம் நீங்கள் பதிவு செய்த முதல் சுற்றுலா கைவிட்டுப் போகும்.

மேல்தளத்தில் நிற்பதற்குச் சில குறிப்புகள். இடப்பக்கமா வலப்பக்கமா என்று அறை எடுக்கும்போதே மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். பனியாற்றின் முன் கப்பலை நின்ற இடத்திலேயே மெதுவாகச் சுழற்றுவார்கள், இரண்டு பக்கத்துக்கும் காட்சி வரும். பெரும்பாலும் முன்பக்கத் தளம் ஒன்றை அன்று மட்டும் திறந்துவிடுவார்கள். எந்தத் தளம், எந்தக் கதவு என்பதை முந்தின மாலையே வரவேற்பு மேசையில் கேட்டு வையுங்கள். பனியாற்றின் மேலிருந்து குளிர்ந்த கனத்த காற்று சரிந்து கீழே இறங்கும். அதனால் ஜூலையிலும் அங்கே நிற்பது ஊட்டியில் மார்கழி விடியலில் நிற்பது போலத்தான். பருத்தி உடை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், ஜீன்ஸ் அதைவிட மோசம். உள்ளே தெர்மல், நடுவில் கம்பளி அல்லது ஃப்ளீஸ், மேலே காற்றும் மழையும் புகாத ஜாக்கெட் என்று மூன்று அடுக்கு போதும். குல்லாவும் கையுறையும் கட்டாயம். புடவைதான் கட்டுவேன் என்னும் அம்மாக்கள் உள்ளே தெர்மல் கால்சட்டை போட்டு, கம்பளிக் காலுறையும் ஷூவும் அணிந்தால் தளத்தில் நிற்பதில் சிரமம் இல்லை.

பனி உடைந்து விழுவதைப் பார்க்க ஓர் உத்தி உண்டு. சத்தம் கேட்டுத் திரும்பினால் விழுந்து முடிந்திருக்கும். கப்பல் 800 மீட்டர் தள்ளி நின்றால் ஒலி வந்து சேர இரண்டு நொடிக்கு மேல் ஆகிறது. அதனால் முகப்பு முழுவதையும் மேய்வதை விட்டுவிட்டு, சிறு துண்டுகளும் பனித்தூளும் உதிர்ந்துகொண்டிருக்கும் இடத்தில் பைனாகுலரை நிறுத்துங்கள். பெரிய துண்டு விழுவதற்குமுன் அந்த இடம் பல நேரம் இப்படி உதிரும். புதிதாக உடைந்த பரப்பு அடர் நீலமாக இருக்கும். இறுகிய பனி சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்வதால் அந்த நிறம். கைபேசியில் ஒவ்வொரு படமாக எடுக்க முயலாதீர்கள், அதே இடத்தை வைத்து வீடியோ ஓடவிடுங்கள். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், கைபேசியை உள்சட்டைப் பையில் உடல் சூட்டில் வையுங்கள். கேமரா வைத்திருப்பவர்கள் வெளிச்ச அளவை முக்கால் படி கூட்டி வைத்தால் பனி சாம்பல் நிறமாக விழாது. எட்டு மடங்கு பெருக்கும் பைனாகுலர் போதும். அதற்கு மேல் போனால் கைநடுக்கமும் கப்பல் அதிர்வும் சேர்ந்து எதையும் பார்க்க விடாது.

சில கப்பல்களில் தளத்தில் நிற்பவர்களுக்குச் சுடச்சுடப் பட்டாணி சூப் கொடுப்பார்கள். பச்சை நிறத்தைப் பார்த்துச் சைவம் என்று வாங்கிவிடாதீர்கள். அதில் பன்றி இறைச்சி சேர்ப்பது வழக்கம், கேட்டு வாங்குங்கள்.

இனி ஜூனோ. மாநிலத் தலைநகர், ஆனால் வெளியூரிலிருந்து அங்கே வரச் சாலை கிடையாது. மக்கள்தொகை சுமார் 32 ஆயிரம். 2024இலிருந்து நாளொன்றுக்கு ஐந்து பெரிய கப்பல்கள் மட்டும் என்றும், 2026இலிருந்து ஒரு நாளில் வரும் எல்லாக் கப்பல்களின் பயணிப் படுக்கைகளும் சேர்த்து அதிகபட்சம் 16,000, சனிக்கிழமை என்றால் 12,000 என்றும் நகரம் கப்பல் நிறுவனங்களுடன் உடன்பாடு செய்துகொண்டது. துறைமுகத்தின் கப்பல் அட்டவணை இணையத்தில் முன்கூட்டியே கிடைக்கும். உங்கள் நாளில் எத்தனை கப்பல் என்று பாருங்கள், ஐந்து என்றால் எல்லா வரிசையும் நீளம். உங்கள் கப்பல் துறையில் கட்டுகிறதா, நங்கூரம் போடுகிறதா என்பதையும் பாருங்கள். நங்கூரம் என்றால் சிறு படகில் கரை சேர வேண்டும், போக வர ஒரு மணி நேரத்தைக் கழித்துக்கொள்ளுங்கள்.

மதியம் ஒன்றரைக்குக் கப்பல் வந்து இரவு ஒன்பதுக்குப் புறப்படுவதாக வைத்துக்கொள்வோம். ஏழரை மணி நேரம் என்று கணக்குப் போடுகிறோம். கயிறு கட்டி, இறங்குபாலம் வைத்து, அனுமதி வந்து, நீங்கள் தரையில் கால் வைக்கும்போது இரண்டு மணி. ஏறியே ஆக வேண்டிய நேரம் எட்டரை. மிச்சம் ஆறரை. திமிங்கலம் பார்க்கும் படகுகள் நகரத்திலிருந்து அல்ல, ஊருக்கு வெளியே இருக்கும் ஆக் பே படகுத்துறையிலிருந்து புறப்படும். பேருந்தில் அரை மணி போக, அரை மணி வர. படகில் இரண்டரை மணி. ஒன்று கூடுவதும் ஏறி இறங்குவதும் சேர்த்து நான்கு மணி நேரம் போய்விடும். மெண்டன்ஹால் பனியாறு நகரிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். பேருந்துக்குக் காத்திருப்பதையும் சேர்த்தால் அதற்கு மூன்று மணி வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள், அரை மணி பற்றாக்குறை. காலையில் பனியாற்றின் முன்னால் கேப்டன் கூடுதலாக அரை மணி நின்றிருந்தால் பற்றாக்குறை ஒரு மணி. இரண்டையும் ஒரே டிக்கெட்டில் இணைத்து விற்கும் சுற்றுலாவில் மெண்டன்ஹாலுக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகவே கிடைக்கலாம். அங்கே பக்கத்தில் இருக்கும் நக்கெட் அருவிக்கு நடந்து திரும்ப அது போதாது.

காலையில் ஒரு பனியாற்றைப் பார்த்தாயிற்று என்றால் மதியம் திமிங்கலத்துக்கு விடுங்கள் என்பேன். கோடையில் கூனல் முதுகுத் திமிங்கலங்கள் ஆக் பே சுற்றுவட்டாரத்தில்தான் இரை தேடுகின்றன. படகுகள் அவற்றிடமிருந்து சட்டப்படி 100 கஜம் தள்ளி நிற்க வேண்டும். அதைவிட அருகில் கூட்டிப்போகிறேன் என்பவரிடம் ஏறாதீர்கள். காலையில் பனிமூட்டத்தால் கப்பல் திரும்பிவிட்டால் மட்டும் திட்டத்தை மாற்றி மெண்டன்ஹால் போகலாம். அதற்கு இடம் கொடுக்க, ரத்து செய்யக்கூடிய பதிவாக எடுத்து வையுங்கள்.

மெண்டன்ஹாலில் பார்வையாளர் மையம் 1962இல் திறக்கப்பட்டது. பனியாறு இப்போது ஏரிக்கு அப்பால் வெகுதூரம் பின்வாங்கிவிட்டதால், கையால் தொடலாம் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். படம் எடுக்கும் முனை வரை சமதளப் பாதை, சக்கர நாற்காலியும் போகும். நக்கெட் அருவி வரை போக ஒன்றரைக் கிலோமீட்டர் அளவு, ஏற்றம் அதிகம் இல்லை. ஜூலை நடுவிலிருந்து ஸ்டீப் க்ரீக் ஓடையில் சால்மன் ஏறும்போது கருங்கரடிகள் வரும். அங்கே தின்பண்டம் கையில் வைத்துக்கொண்டு நடக்கக் கூடாது, முறுக்குப் பொட்டலமும் சேர்த்துத்தான். ஆகஸ்டில் போகிறவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. பனியாற்றின் பக்கவாட்டில் இருக்கும் ஒரு பள்ளத்தில் உருகுநீர் தேங்கி, பனிக்கு அடியில் வழி உண்டாக்கி ஒரேயடியாக வெளியேறுகிறது. 2023, 2024, 2025 மூன்று ஆண்டும் ஆகஸ்டில் மெண்டன்ஹால் ஆற்றில் பெருவெள்ளம் வந்தது. அந்த நாட்களில் ஏரிப் பகுதியை மூடிவிடுவார்கள். வெள்ள முன்னறிவிப்பு வெளியிடப்படுகிறது, முந்தின நாளே பாருங்கள்.

நகரப் பேருந்தில் போனால் மலிவு, ஆனால் அது மையத்துக்கு இரண்டு கிலோமீட்டருக்கு மேல் முன்னாலேயே இறக்கிவிடும். பெரியவர்களோடு போகிறவர்கள் அனுமதி பெற்ற ஷட்டில் பேருந்தையே எடுக்கலாம். ஏறும்போதே கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். ஜூனில் அங்கே இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். வெளிச்சத்தைப் பார்த்து நேரம் இருக்கிறது என்று நினைப்பவர்கள்தான் கோட்டை விடுகிறார்கள். கடிகாரத்திலும் ஒரு சிக்கல் உண்டு. அலாஸ்கா நேரம், பல கப்பல்கள் புறப்படும் சியாட்டில் நேரத்துக்கு ஒரு மணி பின்னால். சில கப்பல்கள் கடிகாரத்தை மாற்றும், சில மாற்றாது. கைபேசி தன் இஷ்டத்துக்கு ஒன்றைக் காட்டும். கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்தில் வைத்து அதையே நம்புங்கள்.

ஹெலிகாப்டரில் போய்ப் பனியாற்றின் மேல் இறங்கும் சுற்றுலா விலை மிக அதிகம், மேகம் தாழ்ந்தால் ரத்தாகும், பணம் திரும்ப வரும். எடையை நேரில் நிறுத்திப் பார்ப்பார்கள், ஏறத்தாழ 113 கிலோவுக்கு மேல் என்றால் கூடுதல் கட்டணம் கேட்பார்கள். பை எடுத்துப்போக விட மாட்டார்கள்.

கப்பல் மூலமாகச் சுற்றுலா பதிவு செய்வதா, வெளியே மலிவாகப் பதிவு செய்வதா? கப்பல் விற்ற சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும், அல்லது உங்களை அடுத்த துறைமுகத்தில் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. வெளியே எடுத்தால் காத்திருக்காது. ஜூனோவில் கப்பலை விட்டால் டாக்ஸி பிடித்துத் துரத்த முடியாது. விமானம் அல்லது பயணிகள் படகுதான், அதுவும் உங்கள் செலவில். வெளியே பதிவு செய்பவர்கள், கப்பல் வரும் நேரத்திலிருந்து ஒன்றரை மணி தள்ளித் தொடங்குவதையும், ஏற வேண்டிய நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னால் முடிவதையும் மட்டும் எடுங்கள். கப்பல் துறைக்கு வராமல் போனால் பணம் திரும்புமா என்பதை மின்னஞ்சலில் உறுதி செய்துகொள்ளுங்கள். பாஸ்போர்ட், விசா பக்கங்களின் நகல், இரவு மாத்திரை, கப்பலின் துறைமுக முகவர் தொலைபேசி எண் ஆகியவை கைப்பையில் இருக்கட்டும். அந்த எண் கப்பலில் தினமும் தரும் நிகழ்ச்சித் தாளில் அச்சாகியிருக்கும்.

கட்டுரையில் அறவே விடுபட்டது விசா. சியாட்டிலில் ஏறி சியாட்டிலிலேயே இறங்குகிறோம், அமெரிக்க விசா போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். போதாது. 1886ஆம் ஆண்டின் பயணிக் கப்பல் சட்டப்படி, வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் அமெரிக்கத் துறைமுகத்தில் ஏற்றியவர்களை அங்கேயே திரும்பக் கொண்டுவந்து விட வேண்டுமானால் இடையில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட வேண்டும். அதனால்தான் பயணத்தின் கடைசி மாலை சில மணி நேரம் கனடாவின் விக்டோரியாவில் நிற்கிறார்கள். 2021இல் கனடா துறைமுகங்களை மூடியிருந்தபோது, அலாஸ்கா கப்பல்கள் ஓடுவதற்கே அமெரிக்க நாடாளுமன்றம் தற்காலிகச் சட்டம் ஒன்று போட வேண்டியிருந்தது.

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்குக் கனடா விசா வேண்டும். கிரீன் கார்டு உள்ள பிள்ளைக்கு வேண்டாம், பார்வையாளராக வந்திருக்கும் அப்பா அம்மாவுக்கு வேண்டும், எச்-1பி விசாவில் இருப்பவருக்கும் வேண்டும். தனக்குத் தேவையில்லை என்பதால் பிள்ளை இதைக் கவனிக்காமல் பதிவு செய்துவிடுகிறார். புறப்படும் நாளில் துறைமுகக் கவுண்டரில் விசா இல்லாதவரை ஏற்ற மறுத்துவிடுவார்கள், 'விக்டோரியாவில் இறங்க மாட்டோம்' என்ற பேச்சு எடுபடாது. அமெரிக்க விசாவும் பலமுறை நுழையக்கூடியதாக இருக்க வேண்டும், ஏனென்றால் கனடாவைத் தொட்டுவிட்டு மறுபடி நுழைகிறீர்கள். வழியில் வரும் அலாஸ்கா துறைமுகமான ஸ்காக்வேயிலிருந்து கனடாவின் யூகான் பகுதிக்குப் போகும் பேருந்துச் சுற்றுலாவும் எல்லையைத் தாண்டும். ஸ்காக்வேயிலிருந்தே கிளம்பும் ஒயிட் பாஸ் மலை ரயிலில் உச்சி வரை போய் இறங்காமலே திரும்பும் பயணத்துக்கு அந்தக் கெடுபிடி இல்லை. கனடா விசாவுக்குக் கைரேகை கொடுத்துக் காத்திருக்க வாரக்கணக்கில் ஆகலாம். பெற்றோர் சென்னையில் இருக்கும்போதே விண்ணப்பித்துவிடுவது நல்லது.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இனி இத்தகைய கப்பல் பயணக் கட்டுரைகளோடு சிறு பெட்டிச் செய்தியாவது சேர்த்து வெளியிடுங்கள். எந்தப் பனியாறு, அங்கே எத்தனை மணி நேரம், துறைமுகத்தில் வரும் நேரமும் ஏற வேண்டிய நேரமும், எந்தெந்த நாட்டு விசா ஆகிய விவரங்கள் அதில் இருக்கட்டும். பயண முகவர்களின் விளம்பரங்களிலும் விசா பற்றிய வரியைக் கண்ணில் படும் எழுத்தில் போடச் சொல்லிக் கேளுங்கள்.

இப்படிக்கு,
கப்பல் பயண ஏற்பாடுகளில் ஈடுபட்டுள்ள வாசகர்,
கோயம்புத்தூர்